பன்னிரண்டாம் பக்கத்துத் தீர்ப்பு

பட்டிமன்றம் தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு நடுவர் ருக்குவின் கைப்பைக்குள் இருந்தது. நான்காக மடித்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கும் ரயில் பாஸுக்கும் நடுவில். இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. பட்டிமன்றத்தில் தீர்ப்பு முதலிலும் வாதம் பிறகும் வரும் என்பது நம்மவர்களில் யாருக்குத் தெரியாது? யாரை ஜெயிக்க வைப்பது என்று நடுவர் காலைக் காபியின்போதே முடிவு செய்துவிடுவார். மேடையில் இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் தட்டிக்கொடுத்துவிட்டு, கடைசியில் அதைச் சொல்வார். ஜனங்கள் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓடுவார்கள்.

ஆனால் இந்தத் தடவை முடிவு செய்தது ருக்கு இல்லை. பத்ரி.

மும்பை செம்பூரில் பழைய கட்டிடங்களை இடித்து டவர் கட்டுகிறவர் பத்ரி. தமிழ் மன்றத்தின் குடியரசு தின விழாவில் பந்தலும் விழா மலர்ப் புத்தகமும் மதியச் சாப்பாடும் அவர் உபயம். ருக்கு கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மன்றத்தின் வாசகசாலையை நடத்துகிறவள். இரண்டு மேஜை, பதினான்கு நாற்காலி, ஒரு ஃபேன். மான்குர்த்திலிருந்தும் விக்ரோலியிலிருந்தும் பெண்கள் வந்து உட்கார்ந்து ரயில்வே பரீட்சைக்கும் பேங்க் பரீட்சைக்கும் படிக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் காலை நீட்டவே இடமில்லை, புத்தகத்தை எங்கே விரிப்பது? அந்த வாசகசாலையை இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் காலி செய்தாக வேண்டும். கட்டிடம் இடிபடப் போகிறது.

"பிப்ரவரிலேர்ந்து என் ஆபீஸ் பில்டிங்லே ஒரு ரூம் தர்றேன் மாமி. வாடகையே வேண்டாம்" என்று பத்ரி சொன்னபோது ருக்குவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்புறம்தான் அவர் அந்தக் காகிதத்தை நீட்டினார்.

"சீஃப் கெஸ்ட்டா வர்றவர் கட்சியிலே பெரிய ஆள் மாமி. என் ஃபைல் ஒண்ணு அவர் டேபிள்லே தூங்கறது. 'எல்லாம் நன்னாத்தான் இருக்கு, ஒண்ணும் மாத்த வேண்டாம்'னு தீர்ப்பு வந்தா அவருக்குக் குளுந்துபோகும். நீங்க எழுதக்கூட வேண்டாம், டைப் பண்ணியாச்சு."

பதினான்கு நாற்காலிக்காக ஒரு தீர்ப்பு. ஒரு பட்டிமன்றத்தால் நாடு கவிழ்ந்துவிடுமா என்ன? ருக்கு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தலைப்பு இதுதான்: 'பணமும் கட்சியும் அரித்துவிட்ட அரசியலமைப்பைக் குடிமக்கள் திருத்த வேண்டுமா, வேண்டாமா?' பள்ளிக்கூட ஹாலில் முந்நூற்று நாற்பது பேர். வாசலிலேயே ஆளுக்கு ஒரு விழா மலரும் ஒரு மஞ்சள் சாப்பாட்டு டோக்கனும் கொடுத்திருந்தார்கள். பின்கட்டிலிருந்து சமையல்காரர் பஞ்சுவின் அவியல் வாசனை ஹாலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் கட்சிப் பிரமுகர், பக்கத்தில் பத்ரி, அவர்களுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருபத்தாறு பேர்.

'திருத்த வேண்டும்' என்று பேச எழுந்தவள் வந்தனா. இருபத்தாறு வயது, விளம்பரக் கம்பெனியில் டிசைனர். தமிழ் மழை மாதிரி பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். தன் தமிழ்ப் பேச்சை இந்தி எழுத்தில் எழுதி எடுத்து வந்திருந்தாள். மலரை அச்சுக்குத் தயார் செய்ததும் அவள்தான்.

"எங்க ஏரியாவிலே நாங்க ஒரு கட்சிக்கு வோட்டுப் போட்டோம். ஜெயிச்சவர் ஆறே மாசத்திலே இன்னொரு கட்சி. நடுவிலே ஒரு ரிசார்ட்டிலே நாலு நாள். அந்த நாலு நாள் ரூம் வாடகையை யார் குடுத்தா? கேட்க எனக்கு உரிமை உண்டா? கட்சி தாவறதைத் தடுக்கற சட்டத்திலேயே தாவறதுக்கு ஒரு ஜன்னல் இருக்கு! ஜன்னலைச் சாத்துன்னு அதுக்குள்ளே குதிச்சவாகிட்டயே போய்ச் சொல்ல முடியுமா? வேலியே பயிரை மேயறபோது வயல்காரன்தான் இறங்கணும். நாமதான் வயல்காரா!"

ஹால் அதிர்ந்தது. பிரமுகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ருக்கு தன்னை மறந்து கைதட்டிவிட்டு, நடுவர் தட்டக்கூடாதே என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எதிர்க்கப் போகிறவர் தங்கபாண்டி. தாராவியில் தோல் பையும் செருப்பும் விற்கிற கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பேச்சு. மைக்கை ஒதுக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தார், அவருக்கு மைக் எதற்கு?

"தாயி நல்லாப் பேசுச்சு. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல. ஆனா ஒண்ணு கேக்கேன். மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவியளா? எங்க தாத்தா ஊருல பெரிய தெருவுல செருப்புப் போட்டு நடந்ததில்ல, கையில தூக்கிட்டுத்தான் போவாரு. இன்னைக்கு நான் செருப்புக் கடையே வச்சிருக்கேன். என்னைய நடக்க வச்சது அந்தப் புஸ்தகம்! இப்போ திருத்துவோம்னு அதத் தொறந்து வச்சா, மொதல்ல பேனாவத் தூக்கிட்டு வாரது யாரு? நீயா, நானா? அந்த ரிசார்ட்டுக்குப் பணம் கட்டுனான் பாரு, அவன்தான் வருவான். பூட்டு துருப்பிடிச்சிருக்குன்னு கழட்டுனா, புதுப் பூட்டு வாரதுக்குள்ள களவாணி உள்ள வந்திருவான்!"

ருக்குவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வந்தனா பேசும்போது வந்தனா சரி. இவர் பேசும்போது இவர் சரி. இருவரும் மாறி மாறி எழுந்தார்கள், ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தயாராக நின்றார். பத்து வருஷமாகப் பட்டிமன்றம் கேட்கிறவள் ருக்கு. மாமியாரா மருமகளா, பட்டணமா கிராமமா என்று அரைத்த மாவையே அரைத்துத்தான் கேட்டிருக்கிறாள். இன்றுதான் முதன்முறையாக, எது சரி என்று நிஜமாகவே யோசிக்க வேண்டும் போல் ஆசை வந்தது. யோசிக்கத்தான் வழியில்லை. பைக்குள் இருந்த காகிதம் நெருப்புத் துண்டாகச் சுட்டது.

அப்போதுதான் ஹாலின் வலது மூலையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வரிசை தாண்டியது, இரண்டு வரிசை தாண்டியது. மலரின் பக்கங்கள் சரசரவென்று புரண்டன. தங்கபாண்டி பேச்சை நிறுத்திவிட்டு, "என்னவே அங்க?" என்றார்.

நான்காவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரக்கவே படித்தார். "பக்கம் பன்னிரண்டு. பட்டிமன்றத் தீர்ப்பு. இரு தரப்பு வாதங்களையும் ஆழ்ந்து கேட்ட பின்னர், நமது அரசியலமைப்பு குறையே அற்றது, குறை காண்பவர் மனதில்தான் குறை என்று தீர்ப்பளிக்கிறேன். நம் அன்புத் தலைவர் போன்றோர் இருக்கும்வரை... இங்ஙனம், நடுவர் திருமதி ருக்குமணி."

கல்யாணத்துக்கு முன்பே சீமந்தம் நடந்தது போல ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். பத்ரியின் ஆபீஸிலிருந்து வந்தனாவுக்கு மலருக்கான விளம்பரங்கள் போயின. அதே மெயிலில் இந்தத் தீர்ப்பும் போய்விட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண் இதை எங்கே முழுசாகப் படித்துப் பார்ப்பாள்? இதுவும் ஒரு வாழ்த்துச் செய்தி என்று நினைத்து, சுற்றிலும் பூக்கொடி வேறு வரைந்து, பன்னிரண்டாம் பக்கத்தில் போட்டுவிட்டாள். பிழை திருத்த வேண்டியது ருக்கு. அவளோ வாசகசாலைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, மிச்சமெல்லாம் விளம்பரம்தானே என்று 'சரி' போட்டு அனுப்பியவள்.

"எவ்வளவு வாங்கினேள் மாமி?" என்று ஒரு குரல். "சாப்பாடு போட்டுட்டா தீர்ப்பும் நீங்களே போடுவேளா?" என்று இன்னொரு குரல், இது பத்ரிக்கு. நாற்காலிகள் கிரீச்சிட்டன. வந்தனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பத்ரி மேடை ஓரத்துக்கு ஓடிவந்து, "மாமி, பிரிண்டிங் மிஸ்டேக்னு சொல்லிடுங்கோ. ரூம் ஞாபகம் இருக்கட்டும்" என்று கிசுகிசுத்தார்.

ருக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பையைத் திறந்து காகிதத்தை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"பிரிண்டிங் மிஸ்டேக் இல்லை. இது நிஜம். நான் பணம் வாங்கலை, ஆனா விலை வாங்கினேன். பிப்ரவரிலேர்ந்து வாசகசாலைக்கு ஒரு ரூம். எனக்குன்னு கேக்கலை, நல்ல காரியந்தானேன்னு நெனச்சேன். எல்லாரும் அப்படி ஒரு நல்ல காரியத்தைச் சொல்லித்தானே ஆரம்பிக்கறா! இந்த நாற்காலியிலே உக்காந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீங்களே சொல்லுங்கோ. அந்த ரூம் கிடைக்காமப் போனாலும் போகட்டும்."

சொல்லி முடித்ததும் மூச்சு விட முடிந்தது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கிப் போனது.

"அம்மா, நில்லுங்க!" தங்கபாண்டி கையை உயர்த்தினார். "தீர்ப்பு நடுவருதான் சொல்லணும்ங்கது பட்டிமன்றத்துச் சட்டம். நடுவுல மாத்தலாமா?"

"பாத்தேளா, நடுவர் விலைபோனப்புறம் மாத்தாம என்ன பண்றது?" என்று வந்தனா துள்ளினாள். ஹால் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. தலைப்பு மேடையிலிருந்து இறங்கி ஹாலுக்குள் நடமாட ஆரம்பித்துவிட்டது.

தங்கபாண்டியும் சிரித்துவிட்டார். "சரி, மாத்துவோம். ஆனா எப்படி மாத்துறோம்ங்கதுதான் பேச்சு. கையத் தூக்கச் சொன்னா, முன் வரிசையில இருக்கவுக திரும்பிப் பாப்பாக. பாதிக் கை எறங்கிரும். அதனால மறைச்சுப் போடணும். இன்னொண்ணு, ஓட்டுக்கு நோட்டு வாங்கிப் பழகுன ஊரு இது. இன்னைக்கு ஓட்டுப் போடுதவன் எதையாவது குடுத்துட்டுப் போடட்டும். அப்பத்தான் யோசிச்சுப் போடுவான்."

எதைக் கொடுப்பது? ருக்கு ஹாலைப் பார்த்தாள். முந்நூற்று நாற்பது கைகளில் முந்நூற்று நாற்பது மஞ்சள் டோக்கன்கள்.

"டோக்கன்!" என்று கத்தினாள். தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. "பஞ்சு, ரெண்டு வாளி கொண்டு வாங்கோ! திரைக்குப் பின்னாடி ரெண்டையும் வைப்போம். ஒண்ணு திருத்தணும், ஒண்ணு வேண்டாம். டோக்கனைப் போட்டவாளுக்குச் சாப்பாடு கிடையாது!"

சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று வாழ்கிற ஜனம். அவியல், எரிசேரி, பால் பாயசம். அதுவும் பஞ்சுவின் கை. பல கைகள் டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. பத்ரியின் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை அரும்பியது.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். ஜோயா. மான்குர்த்காரி, ரயில்வே பரீட்சையை மூன்றாம் தடவை எழுதப் போகிறவள், வாசகசாலையில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. ரூம் போனால் முதலில் தெருவில் நிற்கப் போகிறவளும் அவள்தான். டோக்கனை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நேராக வந்து திரைக்குப் பின்னால் போனாள். 'டங்' என்று ஒரு சத்தம். எந்த வாளி என்று யாருக்குத் தெரியும்?

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. வரிசை ஹாலைச் சுற்றி வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது. இரண்டு வாளியையும் உற்றுப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் போட்டவர்கள் உண்டு. "நான் வேண்டாம், நீ வேணும், நம்ம ரெண்டு பேருக்கும் சாப்பாடும் போச்சு" என்று பெண்டாட்டியிடம் சண்டை பிடித்துக்கொண்டே வந்தவர் உண்டு. ருக்குவும் போட்டாள். எதில் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பயத்தால் இல்லை, சந்தோஷத்தால்.

எண்ணுவது யார் என்று ஒரு சச்சரவு கிளம்பியது. பஞ்சு கரண்டியோடு மேடையேறினார். "நான் எண்ணறேன். டோக்கனை எண்ணித்தான் எனக்குக் காசு. நான் எந்தக் கட்சியும் இல்லை, சமையல் கட்சி." அவரை விடப் பொதுவான ஆள் யார்? மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பத்துப் பத்தாக அடுக்கினார்.

"வேண்டாம், நூத்தி நாப்பத்தொண்ணு. திருத்தணும், நூத்தி எழுபத்தொண்ணு."

வந்தனா குதித்தாள். தங்கபாண்டி நிதானமாக அவளிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "தோத்தாச்சு தாயி. நானே போட்ட ரூலு, நானே மீறுனா எப்படி? ஆனா திருத்துற அன்னைக்குப் பேனா வச்சிருக்கவன் பக்கத்துல எனக்கொரு சேர் போடணும், ஆமா. நூத்தி நாப்பத்தொரு பேரோட வருவேன்."

"முதல் சேரே உங்களுக்குத்தான் அங்கிள்" என்றாள் வந்தனா.

பிறகு நடந்ததை நேரில் பார்த்திருக்க வேண்டும். பின்கட்டு ஹாலில் நாலு பந்திக்கு இலை போட்டிருந்தது. வாசலில் பஞ்சு நின்றார். பிரமுகர் வந்தார், டோக்கன் இருந்தது. பத்ரி வந்தார், டோக்கன் இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். வேறு யாரும் வரவில்லை. நூறு இலை விரித்த கூடத்தில், ஒரு மூலையில் அவர்கள் மட்டும் உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. பிரமுகருக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை.

"அந்த ரூம் கிடையாது மாமி" என்றார் பத்ரி, கை கழுவ வந்தபோது.

"தெரியும் பத்ரி" என்றாள் ருக்கு.

"முந்நூத்திப் பன்னெண்டு டோக்கனும் என் கைக்கு வந்தாச்சு" என்று பின்னாலிருந்து பஞ்சு சொன்னார். "அத்தனை எலைக்கும் பணம் வந்துடணும், ஆமா." மிஞ்சிய சாப்பாடு மூன்று மணிக்கு டெம்போவில் மான்குர்த் போனது தனிக்கதை.

பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே பன்னுக்குள் வடை வைத்துத் தரும் வடாபாவ் வண்டியைச் சுற்றிப் பெரிய கூட்டம். விவாதம் இன்னும் அடங்கவில்லை. முதலில் எந்த ஷரத்தைத் தொடுவது, எதைத் தொடவே கூடாது என்று தங்கபாண்டியும் வந்தனாவும் வாய் நிறைய வடாபாவோடு கத்திக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரரிடம் காகிதம் தீர்ந்துவிட்டிருந்தது. ஜோயா விழா மலரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதில் ஒரு வடாபாவை வைத்து ருக்குவிடம் கொடுத்தாள். பூக்கொடி போட்ட பக்கம். எண்ணெய் ஊறி, 'குறையே அற்றது' என்ற வரி கண்ணாடியாகிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, பிப்ரவரி மே கஹாங் பைட்டேங்கே? எங்கே உக்காருவோம்?" என்று ஜோயா கேட்டாள்.

"தெரியாதுடி. ஒண்ணாம் தேதி ஒன்பது மணிக்கு வந்துடு. நாற்காலியெல்லாம் நம்மதுதான்."

"இடம்?"

ருக்கு வடாபாவை ஒரு கடி கடித்தாள். நல்ல பசி. "இங்கேயே முந்நூறு பேர் நிக்கறா. இப்பவே கேட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் நுழைந்தாள்.