வீரபாகுவின் இடுப்புப் பட்டை

கந்த சஷ்டிக்குக் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் சூரசம்காரம் நடக்கும்போது, முருகனின் படைத்தலைவன் வீரபாகுவாக வேஷம் கட்டி வாள் சுழற்றிக்கொண்டு முன்னால் ஓட, அந்த வருஷம் என் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டு நெய்கிற எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வருஷமே வீரபாகு பெண்டாட்டி! குழாயடியில் எனக்கு வழி விட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் ஒன்றுதான். வேஷத்துக்கு ஒரு பித்தளை இடுப்புப் பட்டை உண்டு. எந்தக் காலத்திலோ எவனோ ஒரு ஒல்லிப்பிச்சானுக்கு அடித்தது. வேஷக்காரர்களுக்குத் தலைவரான வீரபத்திரன் மாமா அதை இவருக்கு மாட்டிப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்த பிறகே கொக்கி விழுந்தது.

"கண்ணாயிரம், நடுவுல தீபாவளி வருது. அதுவும் உனக்குத் தலை தீபாவளி. மாமியார் வூட்டு இலையில பாத்து உக்காருப்பா. சஷ்டி அன்னிக்குக் கொக்கி மாட்டலன்னா வேற ஆளுதான்."

இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மா கிருஷ்ணம்மாளை எனக்கல்லவா தெரியும்!

தீபாவளிக்குத் திருப்புட்குழி போனோம். அம்மா அரிசிப் பஞ்சத்திலும் எப்படியோ பச்சரிசி சேர்த்திருந்தாள். ரேஷன் சர்க்கரையைத் தன் காப்பிக்குக்கூடப் போடாமல் பதுக்கி வைத்திருந்தாள். எல்லாம் மாப்பிள்ளைக்கு. பட்டை விஷயத்தைச் சொன்னேன். "சண்டைக்குப் போற ஆம்பள தெம்பா போவ வேணாமாடி?" என்று என் வாயை அடைத்துவிட்டு லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"போதும் அத்தே."

"இன்னா மாப்ளே, புடிக்கலியா?"

அம்மாவின் கண் கலங்கிவிடும். இவர் கை தானாக இலைக்குப் போகும். நான் பின்னாலிருந்து இருமினேன், பல்லைக் கடித்தேன், முறைத்தேன். பிறந்த வீட்டில் எனக்கு யார் பயப்படுகிறார்கள்?

காஞ்சிபுரம் திரும்பிய மறுநாள், தறிக்குழியிலிருந்து எழுந்திருக்க இவர் தூணைப் பிடித்தார். வீரபத்திரன் மாமா வீட்டுக்குப் போய்ப் பட்டையை மாட்டிப் பார்த்துவிட்டு முகம் செத்துத் திரும்பினார். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விரதம்தான் கை கொடுத்தது. சஷ்டி வரை ஒரு வேளைச் சாப்பாடு. முதல் நாள் வழக்கம்போல் அவசரமாக விழுங்கிவிட்டுக் காலி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் மெதுவாக மென்றார்.

"காந்தா, ரசத்துல மிளகு தட்டிப் போட்டியா?"

"வந்த நாள்லேர்ந்து போட்டுக்கினுதான் இருக்கேன்."

"தெரியவே இல்லியே!" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்குப் பட்டையே மறந்துபோனது. அன்றைக்குத்தான் என் சமையலை அவர் சாப்பிட்டார் என்று ஒரே சந்தோஷம்.

சஷ்டி அன்று முழுப் பட்டினி. சாயங்காலம் பார்த்தால், இரண்டு கையிலும் தூக்குவாளியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள் அம்மா! ஓடிப்போய் வழி மறித்தேன்.

"பட்டினியா கெடக்கறாரே, ரெண்டு வாய் குடுத்துடறேன்."

"சண்டை முடியற வரைக்கும் கூடாதும்மா!"

"எனக்குச் சொல்ல வந்துட்டா!"

நாங்கள் மல்லுக்கட்டியபடியே கோயில் மண்டபத்தை எட்டியபோது, மாமா பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். டக்! கொக்கி விழுந்தது. மூச்சை இழுக்கவே இல்லை! நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் குழந்தை ஒன்று வீறிட்டது.

மேளம் முழங்கியது. கிரீடமும் வாளுமாக இவர் பாய்ந்து வந்தார். தெருவே அதிர்ந்தது. அம்மா வாயைப் பிளந்து நின்றாள்.

"யாருமா அந்த வீரபாகு? இன்னா பாய்ச்சல்!" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"என் மாப்ளே," என்றாள் அம்மா, நிமிர்ந்து நின்று.

யானைமுகன் விழுந்தான், சிங்கமுகன் விழுந்தான். நடுவில் இவர் எங்கள் அருகில் நின்று மூச்சு வாங்கினார். கூட்டத்திலிருந்து ஒருவர் லட்டை நீட்டி, "வாயத் தொறப்பா," என்றார். நான் நகர்வதற்குள் அம்மா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுய்யா அத! சூரன் இன்னும் வுழல. அதுவரிக்கும் அவரு வவுத்துல ஒண்ணும் போவக் கூடாது!"

என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

சூரன் தலை விழுந்தது. அரோகரா சத்தத்தில் காது அடைத்துப்போனது. வியர்வை சொட்ட வந்து உட்கார்ந்தார் இவர். அம்மா வாளியைத் திறந்தாள். கரண்டியை எடுத்தவள் ஒரு கணம் தயங்கினாள்.

"இன்னா வேணும் மாப்ளே?"

பரிமாறுவதற்கு முன்னால் அம்மா யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஒரு சொம்பு மோரு அத்தே."

இன்னொரு வாளியிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். இவர் கண்ணை மூடி, வாயில் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். "பெருங்காயம் கமகமன்னு இருக்குது அத்தே," என்றார். பழக்கதோஷம், அம்மாவின் கை மறுபடி வாளிக்குப் போனது. பாதியில் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வவுறு நெறஞ்சிடுச்சா?"

"நெறஞ்சிடுச்சு அத்தே."

அம்மா அதை நம்பினாள்.