பெர்த்தா பங்கு

"கொழும்புல வியாபாரம்னு சொல்லணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே பிள்ளே—"

"அப்பனுக்கு என்ன ஜோலின்னு கேட்டாவ, உள்ளதச் சொன்னேன்—"

"உள்ளதச் சொல்லவா உன்னை இன்டர்வியூவுக்கு விட்டேன்?"

"கரையில நின்னு கரைமடி வலை வலிக்காருன்னு சொன்னேன். களவா எடுக்காரு?"

மார்கிரெட்டுக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. பொழியூர்க் கடற்கரையில் காலேஜ் முடித்த முதல் பெண் அவள் மகள் பெர்த்தா. கணக்கில் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகியும் வேலை வாய்க்கவில்லை. போன பள்ளிக்கூடமெல்லாம் மார்க்கைப் பார்த்துத் தலையாட்டும், குடும்பத்தைக் கேட்டு முகம் திருப்பும். போதாததற்கு, ஊர் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்ற எல்லைப் போராட்டம் வேறு.

"கோடு அந்தப் பக்கம் விழுந்தா நீயும் போயிருவியான்னு கேட்டாவ. எங்க விழுந்தாலும் பிள்ளைகளுக்குக் கணக்கு வேணுமே, ரெண்டு பாஷையிலயும் எடுப்பேன்னு சொன்னேன். மேனேஜர் சிரிச்சாரு."

"சிரிச்சாரா? அப்பம் வேலை கிட்டாது."

வெளியே சைக்கிள் வந்து நின்றது. பெர்த்தா இன்டர்வியூவுக்குப் போன பள்ளிக்கூடத்துப் பியூன் சதாசிவன்.

"அக்கா, கிட்டியாச்சு! திங்கக்கிழமை வரச் சொன்னாவ. ரெண்டு பாஷையிலயும் கணக்கெடுக்க வேற ஆளில்ல."

மார்கிரெட் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஒரு காரியம் உண்டு." சதாசிவன் குரலைத் தாழ்த்தினார். "அப்பனுக்க ஜோலிய அங்க யாருகிட்டயும் பறயப்படாதாம். அவரு பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவும் வேண்டாமாம்."

கரையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பெர்த்தாவின் அப்பன் நார்பர்ட், "அதுக்கென்ன, நான் வரல்ல" என்றார் சட்டென்று. சொன்னதோடு நிற்காமல், வந்தவர் கண்ணில் படாதபடி சுவரோரம் ஒதுங்கியும் கொண்டார்.

அவர் ஒதுங்கியது மார்கிரெட்டைச் சுட்டது. காலையில் அவளும் இந்த மனிதரை மறைக்கத்தானே மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்? மடி கரையேறியதும், கயிறு வலித்தவர்கள் பங்கு பிரிப்பதற்கு முன்னால் ஒரு கூடை மீனை ஒதுக்கி வைப்பார்கள். அதற்குப் பேர் பெர்த்தா பங்கு. யாரும் கேட்டு வைத்ததில்லை. நார்பர்ட்டோடு வலித்த அத்தனை பேரும் தாங்களாகவே வைத்தது. அந்த மீன்தான் பெர்த்தாவைத் திருவனந்தபுரத்தில் படிக்கவைத்தது.

மார்கிரெட் புருஷனின் ஈரக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"அண்ணே, மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லணும். இவ கரைமடி வலிக்க நார்பர்ட்டுக்க மவளாக்கும். இந்தக் கரையே சேர்ந்து வலிச்சுப் படிக்கவச்ச பிள்ளையாக்கும். திங்கக்கிழமை அப்பன்கூடத்தான் வருவா. கணக்கு டீச்சர் வேணுமா, வேண்டாமா?"