சம்பந்தி படுத்துவிட்டார்

திரையில் பெரியவருக்குக் கிடைத்த இடம் இரண்டாவது வரி. முதல் வரியில் சம்பந்தி இருந்தார்.

பேருந்து நிறுவனத்தின் பின்னறை அது. கறுப்பு அலமாரிக்குள் சர்வர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அவற்றையெல்லாம் ஆளும் கன்சோல் திரை மருமகளின் மேசையில் திறந்து கிடந்தது. ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் இணைப்பு, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பெயர். வெறும் எண்களாக இருந்தவரை எது எதுவென்று யாருக்கும் நினைவில் நிற்காததால், மருமகள்தான் உறவுமுறையில் பெயர் வைத்தாள். வெளியாட்களை உள்ளே விடாமல் வாசலில் மறிக்கும் சர்வருக்கு ‘அத்தை’. அந்தப் பொருத்தத்தைப் பெரியவர் மனமாரப் பாராட்டியதுண்டு, மனைவியின் காதில் விழாத தூரத்தில். மற்ற பெயர்களை அவர் இன்றுதான் பார்த்தார்.

மேலே ‘அப்பா’. அதன் கீழே ‘மாமா’. அப்பா என்றால் மருமகளைப் பெற்றவர். மாமா என்றால் தாம்.

பக்கத்திலிருந்த பென்சில் படத்தைத் தட்டியதும் இணைப்பின் அமைப்புகள் விரிந்தன: பெயர், முகவரி, குறிப்பு. ‘அப்பா’வின் குறிப்பில், “முதன்மை. டிக்கெட் பதிவு முழுவதும் இதில்” என்று இருந்தது. ‘மாமா’வின் குறிப்பில், “சோதனைக்கு மட்டும். கெட்டாலும் பரவாயில்லை.”

பெரியவருக்குச் சுருக்கென்றது. இரண்டு ஓட்டை வண்டிகளை வைத்துக்கொண்டு இந்த நிறுவனத்தை ஆளாக்கியவர் அவர். கெட்டாலும் பரவாயில்லையாம்! சம்பந்தியோ கணக்கு வாத்தியார். பேருந்தில் ஏறினாலே குமட்டல் வருகிற மனிதர். அவர் முதன்மையாம்! அதுவும் இன்றைக்குப் பார்த்து. மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க அந்தச் சம்பந்தியே வருகிறார். அவரை அழைத்துவரத்தான் மருமகள் வாசலுக்குப் போயிருந்தாள். இந்தத் திரைக்கு முன்னால் நின்று, யாருக்கு எந்த இடம் என்று படித்துவிட்டு, சம்பந்தி ஒரு புன்னகை பூப்பார். கல்யாணப் பேச்சில் ஒரு முறை பூத்த அந்தப் புன்னகையே பெரியவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். முகவரியில் இருந்த எண்களைத் தொடவில்லை. அடுத்தவர் முகவரியில் கை வைக்கிற குணம் அவருக்குக் கிடையாது. பெயரை மட்டும் மாற்றினார். மேலே ‘மாமா’, கீழே ‘அப்பா’. ‘சேமி’ என்றதும் கன்சோல் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டது. வீட்டில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

“வாங்க சம்பந்தி, வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா?” என்று, மருமகளோடு உள்ளே வந்தவரைப் பெரியவர் வரவேற்றார்.

“உங்க பஸ்லதான் வந்தேன். அதை அப்புறம் சொல்றேன்” என்று சம்பந்தி உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கித் திரையைப் படித்தார். புன்னகை எதுவும் பூக்கவில்லை. பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“அப்பா, நான் என்ன வேலை பாக்குறேன்னு கேட்டுட்டே இருப்பீங்கள்ல?” என்றாள் மருமகள். “இங்க பாருங்க. மாமாவ நிறுத்திட்டு மறுபடி ஓட விடப் போறேன். வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.”

“மாமாவ நிறுத்துறதா? உங்க வீட்டுல இதெல்லாம் நடக்குதா சம்பந்தி?”

பெரியவர் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் கன்சோல், ‘நிச்சயமாக நிறுத்தவா?’ என்று கேட்டது. எப்போதும் கேட்கிற கேள்விதான். மருமகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடியே ‘ஆம்’ என்று அழுத்தினாள்.

ஊருக்கே தெரிந்தது. முன்பக்கத்திலிருந்து டிக்கெட் குமாஸ்தா மூச்சிரைக்க ஓடி வந்தார். “மேடம், எல்லாக் கவுண்டரும் நின்னு போச்சு! வரிசை ரோடு வரைக்கும் நிக்குது!”

“நான் மாமாவத்தானே நிறுத்தினேன்? அப்பா நல்லா ஓடிட்டு இருக்காரே!” திரையில் ‘அப்பா’வுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி பளிச்சென்று எரிந்தது.

“கவனம் எங்க இருக்கு உனக்கு?” சம்பந்தி வகுப்பறைக் குரலில் பிடித்துக்கொண்டார். “சின்ன வயசுலேர்ந்தே இதே கதை. கூட்டச் சொன்னா கழிச்சிட்டு வந்து நிப்பா. போன இடத்துல மானத்த வாங்குறியே!” பிறகு பெரியவர் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். “மன்னிக்கணும் சம்பந்தி. வளர்ப்பு சரியில்லன்னு நினைச்சுக்காதீங்க.”

சம்பந்தி வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வராதா என்று பெரியவர் ஏங்கியதுண்டு. வந்தபோது வேப்பங்காயாகக் கசந்தது. தலை குனிந்து நிற்பது அவர் வீட்டு மருமகள் அல்லவா?

“போதும் சம்பந்தி, கைய இறக்குங்க. என் மருமக மேல தப்பில்ல. பலகைய மாத்தி மாட்டினவன் நான்.”

“எந்தப் பலகை மாமா?”

“பேருப் பலகைதான். அவரை எனக்குக் கீழ இறக்கி வச்சேன்.”

வண்டியின் நெற்றியில் ஊர்ப் பலகையை மாற்றி மாட்டினால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடாது. இதை ஓட்டுநர்களிடம் தொண்டை வற்றக் கத்தியவரே அவர்தான். பலகையை மாற்றி மாட்டியவர் கவுண்டருக்கு முன்னால் நின்று, நடந்ததைப் பயணிகளிடம் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். அது அவர் போட்ட சட்டம். சொந்தத் தம்பியையே அப்படி நிற்க வைத்தவர்.

மருமகள் அதற்குள் அமைப்புகளைத் திறந்து முகவரியைச் சரிபார்த்து, படுத்துவிட்ட சர்வரை எழுப்பத் தொடங்கியிருந்தாள். “ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?”

“கெட்டாலும் பரவாயில்லன்னு எழுதியிருந்தியேம்மா.”

“ஐயோ, அது மெஷினுக்கு! புதுசா எது வந்தாலும் முதல்ல மாமாகிட்டதான் போடுவோம். மாமா ஒத்துக்கிட்டாதான் அப்பாகிட்டயே போகும். நம்ம வீட்டுல எது நடந்தாலும் அப்படித்தானே? அதான் அந்தப் பேரு.”

“அப்போ, மொத்த டிக்கெட்டும் என் தலையிலதான் ஓடுதா?” என்றார் சம்பந்தி. புன்னகை பூத்தது. அதே புன்னகை.

பெரியவர் அதை விழுங்கிக்கொண்டு, முதுகு வளையாமல் கவுண்டருக்கு நடந்தார். வரிசை சலசலத்துக்கொண்டிருந்தது. கையை உயர்த்தினார்.

“எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கணும். எங்க சம்பந்தி படுத்துட்டார்.”

சலசலப்பு அடங்கியது. முன்னால் நின்ற அம்மாள் மார்பில் கை வைத்தார். “அடக் கடவுளே! எப்பங்க?”

“இப்பதான்.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா?”

“பின்னறையிலதான் கிடக்கார். அவர் பொண்ணு எழுப்பிக்கிட்டு இருக்கா.”

“பாவம், பெத்த பொண்ணா! அவர் எப்படிப்பட்டவருங்க?”

சம்பந்தியைப் பெரியவர் தம் வாயாலேயே புகழ வேண்டிய இடம். ஆனாலும் சட்டம் சட்டம்தான். “ராத்திரி பகல்னு பாக்காம ஓடினவரு. இங்க எல்லாமே அவர் தலையிலதான். அதை ஏத்துக்க எனக்கு மனசு வரல. மறைக்க விரும்பல, அவரைப் படுக்க வச்சதே நான்தான்.”

வரிசை ஓரடி பின்வாங்கியது. ஓரமாக நின்றவர் மெல்லக் கைப்பேசியை எடுத்து யாருக்கோ எண்களை அழுத்தத் தொடங்கினார்.

அந்த நேரம் பின்கதவு படாரென்று திறந்தது. சம்பந்தி வேட்டி தடுக்க ஓடி வந்தார்.

“சம்பந்தி! நான் எழுந்துட்டேனாம்! டிக்கெட் போடச் சொல்றா!”

அம்மாளின் கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. பெரியவர் தொண்டையைச் செருமி, சம்பந்தியின் தோளில் கை போட்டு, அவரை எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் நிறுத்தினார்.

“இவர்தான் அவர். ஒவ்வொருத்தரா வாங்க.”