மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊதிய கொம்பு

அன்று ஹெஸ்டர் ஒரு முடிவோடுதான் அடுப்பு மூட்டினாள். பன்றிக்கறி போட்டு அவரையை வேகவைத்தாள், சோள ரொட்டி சுட்டாள், ஆப்பிளை நறுக்கி மேப்பிள் பாகில் வதக்கினாள். புருஷனை மேசையில் உட்கார வைத்து, வயிறு நிறைந்த பிறகு கனடா பேச்சை எடுக்கவேண்டும். பசியோடு இருக்கிற ஆம்பிளையிடம் எதையும் கேட்கக்கூடாது என்பது அவளுடைய கணக்கு.

லெவின் மேரிலாந்தில் ஒரு புகையிலைப் பண்ணையில் அடிமையாக இருந்து, தப்பித்து, அடிமைமுறை இல்லாத பென்சில்வேனியாவின் இந்தக் குன்றுப்பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதே பண்ணையிலிருந்து அவனைத் தேடி ஹெஸ்டர் வந்து சேர்ந்து மூன்று வாரம்தான். எல்லையைத் தாண்டினால் விடுதலை என்று நம்பி ஒன்பது ராத்திரி நடந்தவள். வந்ததும் காதில் விழுந்த முதல் சேதி புதுச் சட்டம். தப்பி வந்தவர்களை எந்த மாநிலத்துக்குள்ளும் புகுந்து பிடிக்கலாம், கூப்பிட்டால் ஊர்க்காரன் பிடித்துக் கொடுக்க வரவேண்டும், ஒளித்து வைத்தால் அவனுக்கும் சிறை. இப்படி ஒரு சட்டத்தை எழுதிய கை, எழுதி முடித்ததும் வீட்டுக்குப் போய்ப் பெற்ற பிள்ளையின் தலையைத் தடவியும் இருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்று வாரமாக இருவருக்கும் இதே பேச்சுதான்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் கனடாவுக்குப் போயிட்டா ஒருத்தன் நம்மளத் தொடமுடியாது லெவின். சனிக்கிழமை வண்டி போகுதாம். மாவு மில்லுக்காரரே சொன்னாரு."

"இங்க மட்டும் தொட்டுருவானா? தொட வந்தா நம்ம ஆளுங்க வருவாங்க, புள்ள."

"எத்தனை பேரு?"

"எல்லாரும்."

"ஆமா, எல்லாரும்! நீ பாத்தே!"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் அம்மாவை விற்ற அன்றைக்கு வயலில் அறுபது பேர் இருந்தார்கள். அம்மா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஒருவரும் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும் என்று ஹெஸ்டருக்கும் தெரியும். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆனால் கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்கிற எண்ணம் அன்றோடு செத்துப்போனது.

சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நீளமான தகரக் கொம்பு தொங்கியது. வந்த அன்றே சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தாள். பண்ணையில் கொம்பு கங்காணி கையில்தான் இருக்கும். விடியுமுன் ஊதினால் எழுந்து ஓடவேண்டும், மத்தியானம் ஊதினால் கஞ்சிக்கு ஓடவேண்டும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு ஓடியவள், ஒருநாளாவது தன் கையால், தன் வீட்டிலிருந்து, தன் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட ஊதவேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு? இந்தக் குன்றில் பெண்கள் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு நடப்பதை அவளும் பார்த்திருந்தாள். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

வாசலில் நின்று ஊதினாள். முதலில் வெறும் காற்று வந்தது. அடுத்தது பசுவின் இருமல் மாதிரி. மூன்றாவது முறை குன்று முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. அது பிடித்துப்போய் இன்னும் இரண்டு தடவை நீளமாக ஊதினாள்.

குன்றில் யாரும் ஏன் சாப்பாட்டுக்குக் கொம்பு ஊதுவதில்லை என்பதை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் தனியாகச் சொல்லப் போகிறார்கள்? லெவின் சொல்லியிருக்க வேண்டும். அவன் ஆட்டுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்பது வரை சொன்னான், இதை மட்டும் விட்டுவிட்டான்.

முதலில் வந்தது அவன்தான். சோளத்தட்டை வெட்டுகிற நீளக் கத்தியோடு, வேலியைத் தாண்டி, செருப்பில்லாமல். அரிதாள் குத்தி ஒரு கால் முழுக்க ரத்தம். வந்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான், தோளைப் பார்த்தான், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"எங்க அவனுங்க? எத்தனை பேரு? அடிச்சானுங்களா உன்னை?"

"யாரு? சாப்பாடு... ஆறிடுமேன்னு..."

அவன் அவள் கையில் இருந்த கொம்பைப் பார்த்தான். அதற்குள் பின்பக்கம் மண் அதிர்ந்தது. ஷேட்ராக் வந்தான், குண்டு போட்ட துப்பாக்கியோடு. ஷேட்ராக் கொல்லன், குன்றுக்குத் தப்பி வந்தவர்களை எல்லாம் ஒன்று சேர்த்துத் துப்பாக்கி சுடப் பழக்கியவன். அவனுக்குப் பின்னால் அரிவாளோடு நான்கு பேர், கவைக்கோலோடு இரண்டு பேர், இடுப்புப் பிள்ளையோடும் கோடாலியோடும் ஒருத்தி. மேட்டிலிருந்து கெசியா அக்கா, சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த கொதிக்கும் காரத் தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஓடி வந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் முற்றத்தில் நாற்பது பேர். கடைசியாக, உடம்பெல்லாம் மாவாக, வெறுங்கையோடு மில்லுக்காரர் காலெப். அவர் குவேக்கர், ஆயுதம் தொடாத கூட்டம்.

"எங்க உக்காரணும் நான்?" என்று மூச்சு வாங்கினார். "துப்பாக்கி எடுக்கமாட்டேன். ஆனா வாசப்படியில உக்காந்தேன்னா என்னைத் தாண்டி எவனும் உள்ள போகமுடியாது."

"அது உண்மைதான்," என்றான் ஷேட்ராக், அவர் இடுப்பைப் பார்த்து.

லெவின் விஷயத்தைச் சொன்னான். பிறகு கெசியா அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"அடியே! அவரைக்காயா? அவரைக்காய்க்காடி நான் சோப்பை அடுப்புல விட்டுட்டு ஓடியாந்தேன்? ஏண்டா லெவின், ஆள்பிடிக்காரன் வந்தா மட்டுந்தான் இங்க கொம்பு ஊதணும்னு கட்டுனவகிட்ட இதக்கூடச் சொல்லாம மூணு வாரமா என்னத்தடா பேசுன?"

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் நாற்பது பேரும் சிரித்தார்கள். ஹெஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதிப் பேருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, அம்மாவுக்கும் சேர்த்து அழுதாள்.

"சரி விடு, விடு," என்று கெசியா அக்கா அவளை இழுத்து அணைத்தாள். "வந்தது வந்தோம், அந்த அவரையைக் கொண்டா."

ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது. நின்றபடியே தின்றார்கள். ஷேட்ராக் மட்டும் தின்னவில்லை. சாலையில் ஒருவன் குதிரையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்சந்திச் சத்திரக்காரன். தெற்கிலிருந்து வருகிற ஆள்பிடிக்காரர்கள் எல்லாம் தங்குவது அவனுடைய சத்திரத்தில்தான். அவன் துப்பாக்கிகளைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், ஹெஸ்டரை நன்றாகப் பார்த்தான். பிறகு குதிரையைத் தட்டிவிட்டுப் போனான்.

"பொழுது சாயறதுக்குள்ள சேதி போயிடும்," என்றான் ஷேட்ராக். "எந்த வீட்டுக் கொம்பு, எந்தப் பொம்பளைன்னு. லெவின், நீங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை வரைக்கும் இருக்கவேண்டாம். இப்பவே கிளம்புங்க."

"வண்டி நான் பூட்டறேன்," என்றார் காலெப். யாரும் ஹெஸ்டரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் லெவினை நாற்காலியில் உட்கார வைத்து, வெந்நீர் கொண்டுவந்து காலைக் கழுவினாள். குத்தியிருந்த அரிதாளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சரி புள்ள. போவோம். நீ கேட்டதுதானே."

மூன்று வாரமாக அவள் கெஞ்சிய வார்த்தை. வெளியே காலெப்பின் வண்டிச் சத்தம் கேட்டது. குதிரை கனைத்தது. ஹெஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"கெசியா அக்கா வீட்டுலயும் கொம்பு இருக்கா?"

"எல்லா வீட்டுலயும் இருக்கு."

"அங்க ஊதுனா யாரு போவாங்க?"

"இது என்ன கேள்வி? எல்லாருந்தான்."

ஹெஸ்டர் துணியைக் கிழித்து அவன் காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்ப வண்டியத் திருப்பி அனுப்பு. கனடாவுல இருந்தா அந்தக் கொம்பு நமக்குக் கேக்காதே."