ஏழாவது பாட்டில் கேட்ட குரல்

‘கருங்குழி’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஆறு வருஷமாக கோதிக் மெட்டல் என்னும் இருண்ட ராக் இசை வாசித்த நாலு பேரில் இளம்பரிதிதான் பாடகன். பாடகன் என்றால் அடித்தொண்டையிலிருந்து உறுமுவான். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருமுறை மேடை ஏறியபோது பாதிப் பேர் எழுந்தே போய்விட்டார்கள். புது ஆல்பத்தில் உறுமல் வேண்டாம், மெதுவாக, புகை மாதிரிப் பரவட்டும் என்று கிட்டார் வாசிக்கும் ஜெயகணேஷ் சொன்னபோது அவனும் தலையாட்டினான். தொண்டையும் புண்ணாகியிருந்தது, பாவம்.

நாளைக்கு வெளியீடு. இன்று மத்தியானம் ஜெயகணேஷின் குவார்ட்டர்ஸில் இளம்பரிதி அதை முழுசாகக் கேட்டான். ஏழாவது பாட்டில் சுரங்கத்து நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட் இரைந்தது. அதற்கு அடியில், தூரத்தில், ஒரு பெண் குரல் இழுத்து இழுத்துப் போனது. அவனுக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. இன்னொரு தரம் போடச் சொன்னான். அப்போதுதான் வார்த்தை காதில் விழுந்தது.

பாடியது அவன் அம்மா கலியம்மாள். போன மாசம், சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரத்து வீட்டில், அப்பாவின் கருமாதியன்று வைத்த ஒப்பாரி. அந்தப் பக்கத்தில் புருஷன் இருந்தவரை வாய் திறக்காத எந்தப் பெண்ணும் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் பாடுவாள். கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் கேட்டு அழுவார்கள், கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போவார்கள். வெளியில் ஒருத்தியும் பேசமாட்டாள். கலியம்மாளும் பாடியிருந்தாள்: குடித்துவிட்டு வந்து அடித்த கையை, மறுநாள் அதே கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதை.

இளம்பரிதி பாட்டை நிறுத்தினான். இதையா கண்ணை மூடிக் கேட்டோம்?

துக்கத்துக்கு வந்த இடத்தில் பெல்ட் சத்தத்துக்காக போனில் பதிந்தானாம் ஜெயகணேஷ். “வார்த்தைய நான் கவனிக்கலடா. ராகம்தான் காதுல விழுந்துச்சு.”

“எங்கம்மா அடி வாங்கிக்கினு கெடந்தது ஒனக்கு ராகமா?”

ஜெயகணேஷ், அம்மாவிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மெல்ல இழுத்தான்.

கேட்டால் என்ன சொல்வாள் என்று இளம்பரிதிக்குத் தெரியும். ஒனக்கு நல்லதுன்னா வச்சிக்கய்யா என்பாள். அடித்த கைக்கே எண்ணெய் தேய்த்துவிட்டவள் வேறென்ன சொல்வாள்?

“கேக்க வாணாம். எடுத்துடு.”

“எடுத்துட்டா பாட்டுல ஒண்ணுமே இருக்காதுடா.”

“இல்லாமயே கெடக்கட்டும்.”

ஜெயகணேஷ் குரலை மட்டும் பிரித்து அழித்தான். போனில் இருந்ததையும் இளம்பரிதியின் கண்ணெதிரே அழித்தான். மறுபடி ஓடவிட்டார்கள். பெல்ட் இரைந்தது, கிட்டார் சிணுங்கியது, அவ்வளவுதான். ஜெயகணேஷ் சொன்னது சரி. பாட்டு செத்துக் கிடந்தது.

ஐயோ, போய்விட்டதே என்று நெஞ்சுக்குள் ஒரு மூலை ஏங்கியது. அந்த மூலையை நினைத்துத்தான் இளம்பரிதி எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பினான்.