ஆறு கிலோ வித்தியாசம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று காலையிலிருந்தே தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே! ஆறு மாதத்துக்கு முன் சர்க்கரை ஏறி, இதயம் தளர்ந்து ஆஸ்பத்திரியில் படுத்த மனுஷன். கம்பெனி அவரைப் புகார் வாங்கும் டெலிபோன் முன்னால் உட்கார வைத்துவிட்டது. இன்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் மறுபடி லிஃப்ட் வேலை. போடாவிட்டால் காலத்துக்கும் "ஹலோ, எந்த மாடியில நிக்குது சார்?"தான்.

"எழுபத்தெட்டு கிலோ! தொண்ணூத்திரண்டுல இருந்தவன், பாத்துக்க," என்று வழியெல்லாம் மனைவியிடம் பீற்றிக்கொண்டே வந்தார். எடை பார்க்க அவருக்கு மிஷின் எதற்கு? லிஃப்டுக்குள் எவ்வளவு பாரம் என்று காட்ட அதிலேயே கருவி இருக்கிறதே! வீடு திரும்பிய வாரமே ஆபீஸ் லிஃப்டில் அதைத் தன் கையால் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஏறி நின்றார். அன்றைக்கே எண்பத்தாறு காட்டியது. மருந்து டப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரி மிஷின் எண்பத்துநாலு காட்டியது.

"மிஷின் ரிப்பேர், சிஸ்டர்." நர்ஸ் வேறொன்றைக் கொண்டுவந்தாள். அதுவும் எண்பத்துநாலு. மனுஷனுக்கு முகம் விழுந்துவிட்டது. போச்சு, டெலிபோன்தான் கதி என்று பெஞ்சில் உட்கார்ந்தவர் திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அட மடையா! பூஜ்யம் வெச்சப்போ என் டூல்ஸ் பை லிஃப்டுக்குள்ளயே இருந்துச்சே! அப்புறம்தானே அதை வெளிய எடுத்தேன்! ஆறு கிலோ பை!" அன்றிலிருந்து பையில்லாமல் ஏறி ஏறி, தினமும் ஆறு கிலோ குறைத்தே பார்த்திருக்கிறார்.

கதையைக் கேட்டு டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எட்டு கிலோ குறைச்சது நிஜம்தானே? மூணு மாச சர்க்கரைச் சராசரி பத்துலேருந்து ஏழுக்குக் கீழ வந்திருக்கு. ஸ்கேன்ல இதயம் நூத்துக்கு முப்பத்தெட்டுதான் பம்ப் பண்ணிச்சு, இப்ப அம்பத்தஞ்சு. அது உங்க லிஃப்டைக் கேட்டா வேலை செய்யுது?" கையெழுத்தும் போட்டுவிட்டார். "மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

"டாக்டர்," என்றாள் மனைவி மெதுவாக. "சண்டை கிண்டை போட்டா இவர் நெஞ்சு தாங்குமா?"

"தாராளமா தாங்கும்."

அவ்வளவுதான். அந்த நெஞ்சுக்குப் பயந்து ஆறு மாதமாகக் குரலே உயர்த்தாதவள் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டாள். "இருபது வருஷ மெக்கானிக்காம்! ஒரு பையை வெளிய வெக்கத் தெரியல! எழுபத்தெட்டுக்கு வந்தாச்சுன்னு சொல்லிச் சொல்லி ரெண்டு கரண்டி கூடவே வாங்கித் தின்னீங்களேய்யா!" கத்தக் கத்த அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

மெக்கானிக் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"திட்டும்மா," என்றார் சந்தோஷம் தாங்காமல். "இன்னும் நல்லாத் திட்டு."