காஜாக்காரியின் வெயில்

மூன்று மாடிகளையும் தார் பூசிய மொட்டை மாடியையும் தாண்டி, தையல் கம்பெனியின் கீழ்த்தளத்தில் காஜா அடிப்பவளின் தோள்மேல் வெயில் விழுந்தது. ஒரு பாய் அகலம் இருக்கும். பக்கத்து மெஷினில் காலர் தைப்பவள், புது டியூப் லைட் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மறுபடி குனிந்துகொண்டாள்.

அந்தக் கூடத்து ஜன்னல்களுக்குச் சூப்பர்வைசர் கறுப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தார். பெண்கள் வெளியே பார்த்தால் வேலை கெடுமாம். விடியுமுன் கம்பெனி வண்டி ஏற்றிவரும், இருட்டியபின் இறக்கிவிடும். ஞாயிறு சமைக்கவும் தூங்கவும் சரியாகப் போகும். இப்படியே வருஷங்கள் ஓடியதில் ஒருத்திக்கு மாதம் இரண்டு தரம் தீட்டு வந்தது, இன்னொருத்திக்கு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்கவில்லை. காஜாக்காரிக்குத் தேதி தப்பாது, ஆனால் வலி ஆளையே சுருட்டிப் போடும். இரண்டு மாதமாக மெஷினடியில் விழுந்து பாதி நாளில் வீடு திரும்பினாள். அடுத்த தரம் விழுந்தால் கேட் திறக்காது என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை.

ரத்தம் சோதித்த டாக்டரம்மா, வைட்டமின் டி அடிமட்டத்தில் கிடக்கிறது, வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். வெயிலிலும் கொஞ்சம் நிற்கச் சொன்னார்.

“எங்க ஷிஃப்டுல சூரியனை வேலைக்கு எடுக்கலையே டாக்டர்” என்றாள் இவள்.

மறுநாள்தான் வெயில் வந்தது. சூப்பர்வைசர் மாடியில் மறுபடி தார் ஊற்றினார். அவள் தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டினார். வெயில் தார்ப்பாய்க்குக் கீழே விழுந்தது. நூல் கிடங்குக்கு மாற்றினார். அங்கேயும் கூடவே போனது. காலர் தைப்பவளுக்கு வயிறு எரிந்தது.

“பொது வெயிலை ஒருத்தியே வச்சுத் தின்னா செரிக்குமாடி?”

“தள்ளி நின்னு வாயடிச்சா விழுமா? ஒட்டி உக்காரு.”

உட்கார்ந்தாள். பிறகு எல்லாரும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். டியூப் லைட்டில் துணியின் நிறம் ஏமாற்றும் என்பதால், துணியின் தரம் பார்ப்பவரும் துணிச் சுருள்களை அங்கே தூக்கிவந்து விரித்து ஒப்பிட்டார்.

அந்த மாதமும் வலி வந்தது. காஜாக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தே சமாளித்தாள், விழவில்லை. சூப்பர்வைசருக்கு அது போதவில்லை.

“மூஞ்சியே சரியில்ல, கெளம்பு. இனிமே கேட் திறக்காது.”

அவள் போனாள், வெயிலும் போனது. அடுத்து ஏற்றுமதியான சட்டைகளில் கை ஒரு நீலமாகவும் உடம்பு வேறு நீலமாகவும் இருக்கவே, அத்தனையும் திரும்பி வந்தன. முதலாளி சூப்பர்வைசரைக் கிழி கிழியென்று கிழித்து, கம்பெனி வண்டியில் அவரையே அவள் வீட்டுக்கு அனுப்பினார். அவர் வாசலில் நின்றார். அவள் உள்ளே வரச் சொல்லவில்லை.

“என் பக்கத்துல ஒரு நாற்காலி போடணும். வலிக்கிறவ அங்க உக்காருவா. சம்பளத்துல கை வைக்கக் கூடாது. சம்மதம்னா வரேன்.”

நாற்காலியை அவரே சுமந்து வந்து போட்டார்.

இன்றைக்கும் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. புதுத் துணி வந்தால் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வெயிலுக்குள் கையை நீட்டி விரித்துப் பிடிக்கிறார். முழங்கைக்குக் கீழே நன்றாகக் கறுத்துவிட்டது. வீட்டில் கேட்டால், ஆபீஸ் வெயில் என்கிறாராம்.